லிஜியின் போனிலிருந்து என் காதுக்கு

மகனே,

இதைப் படிக்கும்போது உன்னோடு அறையில் தங்கியிருப்பவர்கள் யாரும் பக்கத்தில் வேண்டாம். போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ கூப்பிட்டதும் சாப்பிட்டாச்சா, மழை உண்டா என்று கேட்கிறாய், நானும் மழையைப் பற்றியே பேசி வைத்துவிடுகிறேன். வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன். விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். சுற்றி வளைத்தால் நடுவில் எங்கேயாவது நழுவிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். உன் மனைவிக்கு வந்த குரல் செய்திகளை நான் திருட்டுத்தனமாகக் கேட்டேன். அதில் நீ அனுப்பியதும் உண்டு. கேட்டதை வைத்துக்கொண்டு, சபைப் பெண்கள் அத்தனை பேர் நடுவிலும் அவள் தலையில் ஒரு பழியைக் கட்டினேன். லிஜி பனச்சமூட்டில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பி வராமல் இருப்பது அதனால்தான். நீ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதுபோல் அவளுடைய அம்மாவுக்கு முட்டுவலி என்பதனால் அல்ல.

போன லீவுக்கு நீ வந்தபோது டிவி சத்தத்தைப் பற்றி எவ்வளவு கேலி செய்தாய். பாறசாலை ஸ்டேஷனில் ரயில் கூவினால் அம்மாவுக்குக் கேட்காது, ஆனால் அம்மா பார்க்கிற செய்தி மட்டும் உதியன்குளங்கரை முக்குவரை கேட்கும் என்றாய். காது டாக்டர் எழுதிக் கொடுத்த கருவியை நான் வாங்க மறுத்தேன். எனக்கு வயதாகிவிட்டது என்று காதில் ஒட்டிக்கொண்டு சபைக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தேன். அதனால் நீ நெய்யாற்றின்கரைக்குப் போய், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கறுப்புப் பெட்டியும் ஒரு ஹெட்போனும் வாங்கி வந்தாய். டிவியின் பின்னால் அந்தப் பெட்டியைச் செருகினால் சத்தம் வயர் இல்லாமல் ஹெட்போனுக்கு வரும், மற்றவர்கள் நிம்மதியாக இருக்கலாம் என்றாய். வாங்கி வைத்துவிட்டு, பிரிக்காமலேயே மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டாய்.

ஒரு சனிக்கிழமை, லிஜிக்குப் பள்ளிக்கூட வேலை இல்லாத நாள், அவள்தான் அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஹெட்போன் நன்றாக இருக்கிறதா என்று முதலில் தன் போனோடு இணைத்து ஒரு பாட்டு போட்டுப் பார்த்தாள். பிறகு டிவியைச் சுவரிலிருந்து இழுத்து, பின்னால் எட்டிப் பார்த்து, வட்டத் துளையைக் கண்டுபிடித்து வயரைச் செருகினாள். பெட்டியில் ஒரு சின்ன நகர்த்தி இருந்தது. ஒரு பக்கம் தள்ளினால் சத்தத்தை அனுப்பும், மறுபக்கம் தள்ளினால் வாங்கும். அதை அனுப்புகிற பக்கம் வைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தாள். சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னிவிட்டு நீலம் நின்று எரிந்தது. என் காதில் செய்தி வாசிக்கிற பெண் வந்தாள். அவள் வாயை மூடின பிறகும் குரல் கொஞ்சம் மிச்சம் வந்துகொண்டிருந்தது. ‘குரல் பின்னால ஓடி வருது மக்கா’ என்று நான் சொன்னதற்கு லிஜி தரையில் உட்கார்ந்தபடி சிரித்தாள். அந்த ஹெட்போன் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் வகை என்பது அன்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. டிவியோடு சேர்ந்ததும் அவள் போன் விட்டுப் போயிருக்கும் என்றுதான் நினைத்தோம்.

நான் என்ன வேலை பார்த்தவள் என்பதை உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் என் வெட்கத்தின் பாதி அங்கே இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தவள் நான். டிரங்க் கால் போட்டுக் கொடுத்தால், இரண்டு பக்கமும் பேச்சு கேட்கிறதா என்று ஒரு கணம் கேட்கலாம். கேட்டதும் விலகிவிட வேண்டும். அந்த ஒரு கணத்திலேயே எத்தனை அழுகை, எத்தனை பொய், எத்தனை சாவுச் செய்தி காதில் விழும் தெரியுமா? இந்த ஊரில் யார் யாருக்கு எங்கே என்ன சிக்கல் என்று எனக்குத் தெரியும். பக்கத்து ஊர் காரோட்டிலிருந்து கடல் தாண்டிப் போனவர்களின் வீட்டு விஷயம் அவர்கள் வீட்டாருக்கு முன்னால் எனக்குத் தெரியும். உன் அப்பா இருந்த காலத்தில் அவரிடம்கூட ஒன்றும் சொன்னதில்லை. அவர் கேட்டதுமில்லை. அந்தப் பெருமையில்தான் இத்தனை காலம் தலை நிமிர்ந்து நடந்தேன். ஊரார் வீட்டு ரகசியத்தைக் காத்தவள், என் வீட்டுக்குள் வந்ததும் சந்தி சிரிக்க வைத்தேன்.

முதல் தடவை அது தற்செயல்தான். சீரியலில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அழுகை பாதியில் அறுந்து, லிஜியின் அம்மா என் காதுக்குள் பேசினார். பலாவில் சக்கை பழுத்துக் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம் என்று. நான் திரும்பிப் பார்த்தேன், வீட்டில் அவர் இல்லை. கொஞ்ச நேரத்தில் லிஜி அறையிலிருந்து போனைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

‘மாமி, எனக்க போன்ல சத்தமே வரல்ல. உங்களுக்கு வல்லதும் கேட்டுதா?’

‘இல்லியே மக்கா. ஒண்ணும் கேக்கல்ல’ என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். ‘கேட்டுது, உங்க அம்மை சக்கை பழுத்துதுன்னு சொன்னாவ’ என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம், அவள் அதைச் சரி செய்திருப்பாள், இந்தக் கடிதமே இருந்திருக்காது. காது மந்தமான பிறகு உங்கள் எல்லாருடைய பேச்சும் எனக்குச் சுருங்கிப் போய்விட்டது, மகனே. சாப்பிடுங்க, மருந்து போட்டாச்சா, மழை வருது. அவ்வளவுதான். நீட்டிச் சொன்னால் இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்று எல்லாரும் வெட்டிச் சொல்கிறீர்கள். நான் குறை சொல்லவில்லை, உங்கள் இடத்தில் நானும் அதையே செய்வேன். ஆனால் அன்று சக்கையைப் பற்றி, கோழியைப் பற்றி, தம்பிக்காரன் பைக் வாங்க அடம்பிடிப்பதைப் பற்றி ஒருத்தர் அவசரமே இல்லாமல் என் காதுக்குள் பேசியது எனக்குப் பிடித்துவிட்டது. அது இன்னும் வரட்டும் என்று ஆசையாக இருந்தது.

வந்தது. எல்லா நாளும் வராது. சில நாள் சாயங்காலம் வரும், சில நாள் வராது. டிவியில் ஒன்றும் இல்லாதபோதும் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காரத் தொடங்கினேன். லிஜி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, மாமிக்கு இந்த சீரியல் அவ்வளவு பிடித்துவிட்டதே என்பாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டுவேன். என் வயதுக்கு நான் செய்த வேலையைப் பார்.

அப்படி ஒரு நாள்தான் உன் குரல் வந்தது. என்னிடம் பேசுகிற குரல் அல்ல அது. மெலிந்திருந்தது.

‘லிஜி, ரிசல்ட் வந்தாச்சு. குறை எனக்காக்கும். உனக்கு ஒரு பிரச்சனையும் இல்லன்னு டாக்டர் சொன்னாரு. மருந்து உண்டு, ஆனா உறப்பா சொல்ல முடியாதாம். அம்மைட்ட மட்டும் சொல்லிராத. எனக்கு வாக்கு தா.’

அதோடு சீரியல் திரும்ப வந்துவிட்டது. அதில் யாருக்கோ கல்யாணம் நடந்துகொண்டிருந்தது.  அந்த நேரம் என் மனதில் முதலில் எழுந்தது எது என்பதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. என் பிள்ளை தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து இதைத் தாங்குகிறானே என்று எழவில்லை. பக்கத்து அறையில் ஒரு பெண் இதைத் தனியாகச் சுமக்கிறாளே என்றும் எழவில்லை. வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்றுதான் எழுந்தது. கல்யாணம் ஆகி நாலு வருஷம், சபையில் பார்க்கிற எல்லாரும் விசேஷம் உண்டா என்று கேட்கிறார்கள், கடைசியில் குறை நம்முடைய பையனுக்கு என்று ஆகிவிட்டதே என்று நினைத்தேன்.

நம் சபைப் பெண்களைப் பற்றி உனக்குத் தெரியும். அவர்கள் ஊர்வம்பு பேச மாட்டார்கள், ஜெபத்துக்காகச் சொல்வார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு வீட்டில் கூட்டம். பாட்டு, வாசிப்பு, சாட்சி எல்லாம் முடிந்ததும் கூட்டத்தை நடத்துகிற டீச்சர், ஜெப விண்ணப்பம் யாருக்காவது உண்டா என்று கேட்பார். அப்போது ஒவ்வொருத்தராக எழுந்து, இன்னாருக்கு ஆபரேஷன், இன்னார் மகன் குடிக்கிறான், இன்னார் வீட்டில் பாகப் பிரிவினை என்று சொல்வார்கள். எல்லாம் உண்மையான அக்கறையோடுதான். மறுநாள் காலையில் அது பால் வாங்குகிற இடத்தில் இருக்கும். அந்த வாரம் ஒருத்தி தன் பேரனுக்கு ஞானஸ்நானம் என்று நன்றி சொல்லிவிட்டு, உட்காரும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். பரிதாபப் பார்வை. எனக்கு எங்கிருந்தோ ஒரு வீம்பு வந்தது. எழுந்து நின்றேன். லிஜி என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

‘எனக்க மருமகளுக்காக ஜெபிக்கணும். அவளுக்கு கர்ப்பப்பையில ஒரு குறை உண்டுன்னு டாக்டர் சொல்லியிருக்காவ’ என்றேன்.

உன் குரலைக் கேட்ட பிறகுதான் இதைச் சொன்னேன், மகனே. தெரியாமல் சொல்லவில்லை. உண்மையை இரண்டு காதாலும் கேட்டுவிட்டு, அதைப் புரட்டிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணச் சொன்னேன். பெண்கள் எல்லாரும் எழுந்து லிஜியைச் சுற்றி நின்று தலையில் கை வைத்தார்கள். அவள் ஒரே ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு தலையைக் குனிந்தவள் ஜெபம் முடியும்வரை நிமிரவில்லை. அழுதாள். விசுவாசத்தில் அழுகிறாள் என்று டீச்சர் சொன்னார்.  வீட்டுக்கு வந்து அவள் எனக்குத் தோசை சுட்டுப் போட்டாள்.

அதன்பிறகு நடந்ததில் உனக்குத் தெரிந்ததும் உண்டு, தெரியாததும் உண்டு. பஸ் ஸ்டாப்பில் நிற்கிற அவளிடம் கஷாயத்தின் பெயர் சொன்னார்கள். பள்ளிக்கூடத்திலேயே ஒருத்தி ஆஸ்பத்திரி விலாசம் எழுதிக் கொடுத்தாள். இரண்டு வாரத்துக்குள் விஷயம் மஸ்கட்டுக்கும் வந்து, நீ என்னைக் கூப்பிட்டாய். லிஜிக்கு ஏதோ குறை என்று இங்கே ஒருத்தன் கேட்கிறான், நீங்கள் ஏதாவது சொன்னீர்களா என்றாய். ஜெபத்துக்குத்தான் சொன்னேன் மக்கா, நாலு வருஷம் ஆகிவிட்டதே என்றேன்.  லைன் அறுந்துவிட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்றேன். பிறகு நீ, போகட்டும் விடு என்பதுபோல, ‘செரி, போட்டும்மா’ என்றாய்.

என் குற்றத்தை எழுத உட்கார்ந்தவள் உன் குற்றத்தைச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் அந்த ‘போட்டும்’ என்ற சொல்லை விட்டுவிட்டு மேலே எழுத முடியவில்லை. உனக்கு உண்மை தெரியும். எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே பொய்யை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு நின்றோம். உனக்கு அதில் ஒரு நிம்மதி வந்ததை உன் மூச்சிலேயே கேட்டேன். எவ்வளவு மந்தமான காதானாலும் பெற்ற பிள்ளையின் மூச்சு தெரியும். அந்த நிம்மதியைப் பார்த்து எனக்கும் நிம்மதியாக இருந்தது. பையனின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று திருப்தியாகத் தூங்கினேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து உன் அப்பாவின் சொந்தத்தில் ஒரு அக்காள் நம் வீட்டுக்கு வந்தாள். லிஜி சமையலறையில் இருந்தாள். வந்தவள், பையனுக்கு வயது போய்விடவில்லை, பேசித் தீர்த்துவிட்டு வேறு ஒரு பெண் பார்க்கலாம் அல்லவா என்றாள். நான் காது கேளாதவள் என்பதால் சத்தமாகவே சொன்னாள். நான் காது கேளாதவளாகவே இருந்துவிட்டேன். சமையலறையில் தட்டு கழுவுகிற சத்தம் நின்றது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் லிஜி, லீவுக்குப் பள்ளிக்கூடம் அடைத்தாச்சு, கொஞ்ச நாள் அம்மா வீட்டில் நின்றுவிட்டு வருகிறேன் என்று ஒரு பையோடு பனச்சமூட்டுக்குப் போனாள். பள்ளிக்கூடம் திறந்தும் அவள் திரும்பவில்லை. அங்கிருந்தே பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறாள். ஹெட்போனை மாட்டினால் டிவி மட்டும்தான் கேட்டது.

போன வாரம் டீச்சர் வந்தார். அடுத்த வியாழன் கூட்டம் நம் வீட்டில், லிஜிக்காக எல்லாரும் அன்று உபவாசம் இருந்து ஜெபிக்கப் போகிறோம், அவளைக் கட்டாயம் வரவழைத்துவிடுங்கள் என்றார். நான் பஸ் ஏறிப் பனச்சமூட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல. அவளைக் கூட்டத்துக்குக் கூட்டி வரத்தான் போனேன். வராவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற கவலையோடு போனேன்.

சந்தையைத் தாண்டி அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது லிஜி பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கவில்லை. அவளுடைய அம்மா எனக்கு நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, எதிரில் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘எங்க பிள்ளையினால உங்க குடும்பத்துக்கு இப்படி ஒரு சங்கடம் வந்துட்டுதே. எங்கள மன்னிக்கணும்’ என்று கும்பிட்டார்.

அவரிடம்கூட லிஜி சொல்லவில்லை, மகனே. உனக்குக் கொடுத்த வாக்கைப் பெற்ற தாயிடமும் காத்திருக்கிறாள். அந்த அம்மா தினமும் மகளுக்குக் கஷாயம் காய்ச்சிக் கொடுக்கிறார், அவளும் ஒன்றும் பேசாமல் வாங்கிக் குடிக்கிறாள். அவர் கும்பிடுகிற கையைப் பார்த்து எனக்கு உடம்பு எல்லாம் கூசியது.  அங்கேயே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்தத் தைரியம்கூட வரவில்லை.

லிஜி வந்ததும் அவளைக் கிணற்றுப் பக்கம் அழைத்துக்கொண்டு போய்த்தான் சொன்னேன். ஹெட்போனில் கேட்டதை, உன் குரல் வந்ததை, தெரிந்துகொண்டே கூட்டத்தில் அப்படிச் சொன்னதை. சொல்லி முடிக்கும்வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கோபப்படுவாள், அழுவாள், என் கையைத் தட்டிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பக்கத்தில் வந்து, எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் காதுக்கு நேராக, சத்தம் உயர்த்தாமல் பேசினாள்.

‘எனக்குத் தெரியும் மாமி. மொதல் நாளு தெரியாது. அடுத்த நாளே போன்ல பாத்தேன், ஹெட்போன் சேந்து கெடக்கு. எடுத்து விட்டிருக்கலாம். மாமி தனியா இருக்கிய, நாலு வார்த்தை கேக்கட்டும்னு விட்டேன். அம்மை அனுப்புனது நான் முந்தி கேட்டுட்டு, பொறவு உங்களுக்கு கேக்கும்படியா போட்டு விடுவேன்.’

 கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டேன். என்னுடைய திருட்டு என்று நான் ஒளித்து வைத்திருந்தது அவள் எனக்குக் கொடுத்தது. சில நாள் வந்து சில நாள் வராமல் போனது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அவள் இன்னும் முடிக்கவில்லை.

‘அவிய அனுப்புனதும் அப்பிடித்தான். சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்தாச்சு. சொல்லவும் இல்ல. ஆனா தனியா தாங்க முடியல்ல மாமி. நீங்க கேட்டா எனக்கு ஒரு ஆளு உண்டுன்னு ஆகும்னு நெனச்சு போட்டேன். கேட்டாச்சுன்னு உங்க மொகத்துல தெரிஞ்சுது. அந்த வியாழக்கெழம நீங்க எழும்பி நிக்கும்போ எனக்காகப் பேசத்தான் எழும்புதியன்னு நெனச்சேன்.’

  வாறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். கூட்டத்துக்கு வா என்று கூப்பிடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் உன் அப்பா நினைவுக்கு வந்தார். நீ பிறக்க எங்களுக்கும் வருஷங்கள் ஆயின என்பது உனக்குத் தெரியும். ஆனால் இதைச் சொன்னதில்லை. அன்றும் இதே கூட்டம் உண்டு. ஒரு நாள் பெண்கள் எல்லாரும் நம் வீட்டுக்கு வந்து என்னை நடுவில் உட்கார வைத்துத் தலையில் கை வைக்கத் தொடங்கினார்கள். உன் அப்பா பஸ் ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்து, வெளியே கால் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் காலோடு உள்ளே வந்து, ‘அவளுக்கு ஒரு குறையும் இல்ல. குறை எனக்காக்கும். ஜெபிக்கணும்னா எனக்க தலையில கைய வையுங்க’ என்று சொல்லிவிட்டுப் பாயின் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார். காக்கிச் சட்டையோடு ஒரு ஆண்பிள்ளை தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பெண்கள் என்ன செய்வார்கள்? ஒரு பாட்டைப் பாடி முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர் எந்தப் பரிசோதனையும் செய்துகொண்டதில்லை. யாரிடம் குறை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அதன்பிறகு இந்த ஊரில் ஒருத்தரும் என்னிடம் விசேஷம் உண்டா என்று கேட்டதில்லை. அப்படிப்பட்டவருடைய மனைவியாக இருந்தும் நான் இதைச் செய்தேன். அவருடைய மகனாக இருந்தும் நீ போட்டும் என்றாய்.

நேற்று வியாழக்கிழமை. நம் வீட்டு முன்னறையில் பாய் விரித்து எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து சாப்பிடாத முகங்கள். உன்னிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாமா என்று காலை முழுவதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். கேட்டால் நீ வேண்டாம் என்பாய், நான் சரி என்பேன். அது தெரிந்ததால் கூப்பிடவில்லை. டீச்சர் லிஜி எங்கே என்று கேட்டார். நான் எழுந்தேன்.  லிஜிக்கு ஒரு குறையும் இல்லை, அது தெரிந்துகொண்டேதான் உங்களிடம் பொய் சொல்லி ஜெபிக்க வைத்தேன், அவள் போனில் வந்ததை ஒளிந்து கேட்டுவிட்டுச் சொன்னேன், அவளை இனி யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்றேன். அவள் வேண்டுமென்றே எனக்குக் கேட்க வைத்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அவளுக்கும் எனக்கும் உள்ளது.  பின்னால் இருந்து ஒருத்தி, ‘பின்ன ஆருக்கு?’ என்றாள். அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லை என்றேன்.

சொல்லாவிட்டாலும் சொன்னதாகத்தான் ஆகிவிட்டது. வீட்டில் இருப்பதே மூன்று பேர், கூட்டிக் கழித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரியாதா? டீச்சர் அவசரமாக ஒரு பாட்டை எடுத்தார். நான் சுட்டு வைத்திருந்த ஆப்பத்தை யாரும் தொடாமல் எழுந்து போனார்கள். போகும்போது ஒருத்தி மட்டும் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். எதற்கு என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தை இப்போதே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பப் போகிறேன். இல்லாவிட்டால் இதுவும் வேறு யார் வாயிலிருந்தோ உனக்கு வரும். உன்னைக் கேட்காமல் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். என்னோடு பேசாமல் இருப்பாய், அதையும் தாங்கிக்கொள்வேன். உன் உடம்பில் உள்ள குறைக்காக நான் ஒரு நாளும் வெட்கப்பட மாட்டேன் என்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். அன்று டிவி முன்னால் வெட்கப்பட்டேன் என்பது உண்மை. அது என் புத்திக் கோளாறு. அதை உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. மருந்து சாப்பிடு. குழந்தை வந்தால் வரட்டும், வராவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் இருக்கிறீர்கள், அது போதும்.

இன்று காலையில் லிஜி கூப்பிட்டாள். நேற்று நடந்தது அதற்குள் பனச்சமூட்டுக்குப் போய்விட்டது. என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கூட்டத்தைப் பற்றியும் கேட்கவில்லை. நான் போனை நல்ல காதில் வைத்துக்கொண்டேன்.

‘அவிய வாய் தொறந்து வல்லதும் சொன்னாவளா மாமி?’ என்று உன்னைப் பற்றித்தான் கேட்டாள்.

இன்னும் இல்லை என்றேன். சாயங்காலம் திரும்பவும் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். சாயங்காலமும் நான் அதையே அவளிடம் சொல்ல வேண்டுமா, மகனே?

அம்மா